கண்ணாடியும் ஒரு மருந்தே

வளர்ந்த மனிதரின் கண், முன்னிருந்து பின்வரை ஏறத்தாழ 24 மில்லிமீட்டர் நீளமுடையது. அந்தச் சிறிய இடத்துக்குள், முன்புறம் உள்ள கருவிழிப் படலமும் அதற்குப் பின்னால் உள்ள லென்ஸும் சேர்ந்து வெளியிலிருந்து வரும் ஒளியை வளைத்து, விழித்திரை என்னும் நரம்புப் படலத்தின்மீது துல்லியமாகக் குவிக்க வேண்டும். கண்ணின் நீளம் ஒரே ஒரு மில்லிமீட்டர் கூடிவிட்டாலும் ஒளி விழித்திரைக்கு முன்பாகவே குவிந்துவிடுவதால், இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை கிட்டப்பார்வை ஏற்பட்டு, எதிரே வரும் பேருந்தின் எண்பலகை அருகில் வரும்வரை கலங்கியே தெரியும். டயாப்டர் என்பது ஒளியை வளைக்கும் ஆற்றலின் அலகு. பேச்சுவழக்கில் 'பவர்' என்று சொல்லப்படுவது அதுவே. ஒளியை ஒரு மீட்டர் தொலைவில் குவிக்கும் லென்ஸுக்கு 1 டயாப்டர், அரை மீட்டரில் குவிப்பதற்கு 2 டயாப்டர் என்பது கணக்கு. மில்லிமீட்டர் அளவில் இயங்கும் இந்த உறுப்புக்குத் துணையாக அணியப்படும் கண்ணாடியை, பிரேமின் நிறம், முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதா என்ற கேள்வி, கடையின் தள்ளுபடி ஆகிய மூன்றை மட்டும் வைத்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அளவு தவறிய மருந்து நோயைத் தீர்க்காது என்பதை அறிந்தவர்கள்கூட, அளவு தவறிய கண்ணாடியை ஆண்டுக்கணக்கில் சகித்துக்கொள்கிறார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட பார்வை குறித்த உலக அறிக்கை, உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேரின் குறைபாடு தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாமல் இருப்பது என்றும் கணக்கிட்டது. அந்த 100 கோடியில் மிகப் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது அறுவை சிகிச்சையோ விலையுயர்ந்த மருந்தோ இல்லை. சரியான ஒரு மூக்குக்கண்ணாடி மட்டுமே.

கண்ணாடியால் சரிசெய்யக்கூடிய குறைகளை ஒளிவிலகல் குறைபாடுகள் என்பர். கண் நீண்டுவிடுவதால் அருகில் உள்ளவை தெளிவாகவும் தொலைவில் உள்ளவை மங்கலாகவும் தெரிவது கிட்டப்பார்வை. கண் குறுகியிருப்பதால் அருகில் பார்ப்பதற்கு மிகுதியாகச் சிரமப்பட வேண்டியிருப்பது தூரப்பார்வை. (பேச்சுவழக்கில் பலர் இவ்விரு பெயர்களையும் மாற்றிச் சொல்வதால், மருத்துவரிடம் பெயரைச் சொல்வதைவிட எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று சொல்வதே நல்லது.) கருவிழிப் படலம் பந்தின் பரப்பைப்போல் எல்லாத் திசையிலும் ஒரே வளைவாக இல்லாமல், முட்டையின் பக்கவாட்டைப்போல் ஒரு திசையில் அதிகமாக வளைந்திருந்தால் எழுத்துகள் இழுபட்டு, நிழல் படிந்தாற்போல் தெரியும், இது பார்வைச் சிதறல். நான்காவது, நாற்பது வயதை ஒட்டி எல்லோருக்கும் வருவது. கண்ணுக்குள் உள்ள லென்ஸ் இளமையில் நெகிழ்ந்து பருத்து, அருகில் உள்ள பொருளுக்கு ஏற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது; வயது ஏற ஏற அது இறுகிவிடுவதால், செய்தித்தாளைக் கை நீளும் மட்டும் தள்ளிப் பிடிக்க வேண்டியதாகிறது. கறுப்பு எழுத்து வெளிறித் தெரிவதைக் கண்டு தமிழர் இதற்கு 'வெள்ளெழுத்து' என்று பெயரிட்டனர்.

வெள்ளெழுத்து என்னும் பெயரில் எழுத்து இருப்பதாலோ என்னவோ, படிப்பவர்களுக்கு மட்டுமே அது தொல்லை என்ற எண்ணம் நிலவுகிறது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வு இந்த எண்ணத்தை உடைத்தது. அவர்களில் ஒரு பாதியினருக்கு உடனடியாகவும் மறு பாதியினருக்கு ஆய்வு முடிந்த பிறகும் கிட்டத்துக் கண்ணாடி வழங்கப்பட்டது. முன்னதாகப் பெற்றவர்கள் நாளொன்றுக்குப் பறித்த இலையின் அளவு, மற்றவர்களுடையதைவிட ஏறத்தாழ 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. இரண்டு இலையும் ஒரு மொட்டும் எது என்று கண்டு கிள்ளும் வேலைக்கும் அருகில் உள்ளதைக் கூர்மையாகப் பார்க்கும் திறன் தேவை என்பதை அந்த எடைக்கணக்கு காட்டிவிட்டது. காஞ்சிபுரத்தில் தறியில் அறுந்த இழையை முடிபவருக்கும், கோயில் வாசலில் மல்லிகைச் சரம் தொடுப்பவருக்கும், முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்குபவருக்கும் இதே நிலைதான். 'வயதாகிவிட்டது, கை ஓடவில்லை' என்று அவர்கள் சொல்லும்போது உண்மையில் ஓடாமல் நிற்பது கையாக இருப்பதில்லை. எழுத்தறியாத தாய்க்கும் பாட்டிக்கும் கண்ணாடி எதற்கு என்று கேட்கும் வீடுகள் இந்த ஒரு செய்தியையேனும் மனத்தில் கொள்ள வேண்டும்.

குழந்தையின் கண்

குழந்தைகளின் நிலை இன்னும் அவசரமானது. பிறவியிலேயே ஒரு கண் மங்கலாக இருக்கும் குழந்தை, உலகம் இப்படித்தான் தெரியும் என்று எண்ணிக்கொள்வதால், தன் குறையைச் சொல்வதே இல்லை. மூளையோ தெளிவற்ற படத்தை அனுப்பும் அந்தக் கண்ணைச் சிறிது சிறிதாக ஒதுக்கிவிட, கண் அமைப்பில் கோளாறு ஏதும் இல்லாமலேயே பார்வை வளராமல் நின்றுவிடுகிறது. 'சோம்பேறிக் கண்' எனப்படும் இக்குறையை ஏழு எட்டு வயதுக்குள் கண்டறிந்தால் கண்ணாடியாலும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைக்கும் பயிற்சியாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம்; அந்த வயது கடந்தபின் மீட்பது மிகவும் கடினம். பள்ளியில் சேர்ப்பதற்கு முன் ஒரு முறை கண் பரிசோதனை கட்டாயம் தேவை என்று கண் மருத்துவர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

மறுபுறம், பள்ளிப் பருவக் கிட்டப்பார்வை உலகெங்கும் பெருகிவருகிறது. இதே போக்கு நீடித்தால் 2050ஆம் ஆண்டில் உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் கிட்டப்பார்வை உடையவர்களாக இருப்பர் என்று 2016இல் வெளியான ஒரு மதிப்பீடு கூறியது. பரம்பரை ஒரு காரணம் என்றாலும், சில பத்தாண்டுகளுக்குள் ஏற்பட்ட இப்பெருக்கத்தைப் பரம்பரையால் மட்டும் விளக்க முடியாது; நாள் முழுதும் அறைக்குள் அருகில் உள்ளவற்றையே பார்க்கும் வாழ்க்கைமுறைக்கு இதில் பெரும் பங்கு உண்டு. சீனாவின் குவாங்சோ நகரத்துப் பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு நாளும் 40 நிமிடம் கூடுதலாக வெளிவெளிச்சத்தில் வகுப்பு நடத்திப் பார்த்தனர். மூன்றாண்டு முடிவில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அங்கே 30.4 விழுக்காடாகவும், வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காடாகவும் இருந்ததாக 2015இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. மாலையில் தெருவில் விளையாடும் நேரம், தனிப்பயிற்சி வகுப்பு தின்றுதீர்க்க வேண்டிய வீண்பொழுது இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

'கண்ணாடி போட்டால் பவர் ஏறிக்கொண்டே போகும்' என்ற அச்சம் படித்த பெற்றோரிடமும் காணப்படுகிறது. பவர் ஏறுவது கண்ணாடியால் நிகழ்வதில்லை. உடல் உயரும் வயதில் கண்ணும் நீள்வதால் நிகழ்கிறது. மலேசியாவில் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், வேண்டுமென்றே குறைந்த பவர் கண்ணாடி கொடுக்கப்பட்டவர்களின் கிட்டப்பார்வை, முழுப் பவர் அணிந்தவர்களுடையதைவிட விரைவாகவே கூடியது. ஆகவே மருத்துவர் எழுதிய பவரைக் குறைத்துப் போடச் சொல்லிக் கடைக்காரரிடம் கேட்பது குழந்தைக்குச் செய்யும் தீங்கு. பெண் பிள்ளை கண்ணாடி அணிந்தால் நாளை வரன் அமையாது என்று சொல்லி அவளைக் கரும்பலகை தெரியாத நிலையில் பள்ளிக்கு அனுப்புவதோ, அதைவிடக் கொடியது. ஒரு பெண்ணின் படிப்பை அவளுடைய கண்ணிலிருந்தே பறிக்கும் இவ்வழக்கத்துக்கு எந்த நியாயமும் கிடையாது.

பரிசோதனை எது?

கண்ணாடிக் கடைகளின் வாசலில் தொங்கும் 'இலவச கம்ப்யூட்டர் கண் பரிசோதனை' என்னும் பலகை, பரிசோதனையின் தொடக்கத்தையே முழுப் பரிசோதனையாகக் காட்டிவிடுகிறது. அந்தக் கருவி தரும் எண் ஓர் ஊகம். கருவிக்குள் தெரியும் படத்தை அருகில் இருப்பதாக எண்ணிக் கண் தன்னைச் சுருக்கிக்கொள்ளும்போது, இல்லாத கிட்டப்பார்வை இருப்பதாகவோ, இருப்பதைவிட அதிகமாகவோ அது காட்டக்கூடும்; நெகிழ்வு மிகுந்த குழந்தைக் கண்களில் இந்தப் பிழை பெரிதாக இருக்கும். எனவேதான் குழந்தைகளுக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணின் சுருங்கும் தசையைத் தளர்த்திய பின்னரே பவர் காணப்படுகிறது. பெரியவர்களுக்கும் சோதனைப் பிரேமை அணிவித்து, லென்ஸ்களை மாற்றி மாற்றி வைத்து, 'இது தெளிவா, அது தெளிவா' என்று பொறுமையாகக் கேட்டு முடிவுசெய்யப்படும் பவரே நம்பத் தகுந்தது. சர்க்கரை அளவு கட்டுப்பாட்டில் இல்லாத நாள்களில் கண்ணுக்குள் உள்ள லென்ஸின் நீர்ச்சத்து மாறிப் பவரும் ஏறி இறங்குமாதலால், நீரிழிவு உள்ளவர்கள் சர்க்கரை நிலைப்பட்ட பிறகே புதுக் கண்ணாடி வாங்க வேண்டும்.

நாற்பதைக் கடந்தவர்களுக்குப் பவர் பார்ப்பது பரிசோதனையில் ஒரு பகுதி மட்டுமே. கண்ணுக்குள் நீரழுத்தம் உயர்ந்து பார்வை நரம்பைச் சிதைக்கும் கண்நீர் அழுத்த நோய் பெரும்பாலும் வலியின்றி வந்து, பக்கப் பார்வையை முதலில் அழிப்பதால், நேரே படிக்க முடிகிறவரை நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. இழந்த பார்வை மீள்வதும் இல்லை. நீரிழிவால் விழித்திரையின் நுண்குழாய்கள் கசிவதும் தொடக்கத்தில் அறிகுறி காட்டாது. ஆண்டுக்கொரு முறை கண்மணியை மருந்தால் விரித்து விழித்திரையைப் பார்ப்பதும், கண்ணழுத்தத்தை அளப்பதும் இவர்களைக் காக்கும். நடைபாதைக் கடையில் ஆயத்தக் கண்ணாடி ஒன்றை எடுத்து மாட்டி, 'எழுத்து தெரிகிறது' என்று திரும்பிவிடுபவர், இரு கண்ணின் பவரும் சமமாக உள்ளவராயின் எழுத்தைப் பெற்றுவிடுகிறார். ஆனால் இந்தப் பரிசோதனையை இழந்துவிடுகிறார்.

பிரேமின் காதில் உள்ள எண்கள்

பரிசோதனை முடிந்து எழுதப்படும் சீட்டில், 'ஸ்பியர்' என்பது கிட்ட அல்லது தூரப் பார்வைக்கான பவர் (கழித்தல் குறி கிட்டப்பார்வைக்கும் கூட்டல் குறி தூரப்பார்வைக்கும் உரியவை). 'சிலிண்டர்' பார்வைச் சிதறலின் அளவு. 'ஆக்ஸிஸ்' அந்தச் சிதறலின் கோணம். 'ஆட்' வெள்ளெழுத்துக்காகக் கூட்டப்படுவது. இவற்றோடு அதே அளவு முக்கியமான, ஆனால் சீட்டில் பெரும்பாலும் விடுபட்டுப்போகிற ஓர் எண் உண்டு. இரு கண்மணிகளின் நடுவிடங்களுக்கு இடையே உள்ள தூரமான அதைக் கடைக்காரர்கள் 'பி.டி.' என்பார்கள். ஒவ்வொரு லென்ஸிலும் ஒளி வளையாமல் நேரே செல்லும் ஒரு புள்ளி உள்ளது. ஒளி மையம் எனப்படும் அப்புள்ளி, அணிபவரின் கண்மணிக்கு நேராக நிற்க வேண்டும். விலகி நின்றால் லென்ஸ் ஒரு பட்டகம்போல் நடந்துகொண்டு காட்சியை ஒருபுறமாகத் தள்ள, இரு கண்களும் அதை ஈடுகட்ட நாள் முழுதும் இழுபட்டு, மாலையில் தலைவலியாக முடிகிறது.

எந்தப் பிரேமின் காதுக்கம்பியையும் திருப்பி உட்புறத்தைப் பார்த்தால், 52, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் பொடியாகப் பொறிக்கப்பட்டிருக்கும். முதலாவது ஒரு லென்ஸின் அகலம், இரண்டாவது மூக்குப் பாலத்தின் அகலம், மூன்றாவது காதுக்கம்பியின் நீளம், எல்லாம் மில்லிமீட்டரில். முதல் இரண்டையும் கூட்டினால் வரும் 70, இரு லென்ஸ்களின் வடிவ நடுப்புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரமாகும். அணிபவரின் பி.டி. 62 என்றால், ஒவ்வொரு லென்ஸின் ஒளி மையமும் மூக்கை நோக்கி 4 மில்லிமீட்டர் நகர்த்திப் பொருத்தப்பட வேண்டும். அதைச் செய்யாமல் நடுவிலேயே பொருத்திவிட்டால், 5 டயாப்டர் பவர் உள்ளவருக்கு ஒவ்வொரு கண்ணிலும் 2 பட்டக டயாப்டர், இரண்டிலுமாக 4 பட்டக டயாப்டர் பிழை சேர்கிறது. விலகலைச் சென்டிமீட்டரில் எடுத்துப் பவரால் பெருக்கினால் கிடைக்கும் எளிய கணக்கு இது. பவர் கூடுந்தோறும் இந்தப் பிழையும் கூடுமாதலால், அரை டயாப்டர் உள்ளவர் உணராத தவற்றை 6 டயாப்டர் உள்ளவர் தாங்க மாட்டார்.

அகலமான பிரேம் வேறொரு வகையிலும் உயர் பவருக்கு எதிரி. கழித்தல் பவர் லென்ஸ் நடுவில் மெலிந்து ஓரத்தில் தடிக்கும்; சாதாரணப் பிளாஸ்டிக் லென்ஸில் 6 டயாப்டர் பவருக்கு, 60 மில்லிமீட்டர் விட்டத்தில் ஓரம் நடுவைவிட ஏறத்தாழ 5.4 மில்லிமீட்டர் தடித்திருக்கும் என்றால், 50 மில்லிமீட்டர் விட்டத்தில் அது 3.8 மில்லிமீட்டராகக் குறைகிறது. அகலமான பிரேமையே வைத்துக்கொண்டு, ஒளிவிலகல் எண் 1.67 உள்ள விலையுயர்ந்த மெல்லிய லென்ஸ் போட்டாலும் கிடைப்பது ஏறத்தாழ 4 மில்லிமீட்டர்தான். அதாவது, சிறிய பிரேமைத் தேர்ந்தெடுப்பதால் செலவின்றிக் கிடைக்கும் பயன், பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் பெறும் பயனுக்குச் சற்றும் இளைத்ததன்று.

மெல்லிய லென்ஸுக்கு இன்னொரு விலையும் உண்டு. வெள்ளொளியை நிறங்களாகப் பிரிக்காமல் விடும் தன்மையை ஆபே எண் என்பர். அது எவ்வளவு உயர்வோ அவ்வளவு நல்லது. சி.ஆர்.39 எனப்படும் சாதாரணப் பிளாஸ்டிக்குக்கு இது 58, 1.67 வகைக்கு ஏறத்தாழ 32, பாலிகார்பனேட்டுக்கு 30. ஆகவே குறைந்த பவர் உள்ள பெரியவருக்கு மலிவான சாதாரண லென்ஸே தெளிவில் முந்தி நிற்கும். பாலிகார்பனேட்டின் சிறப்பு வேறு: எளிதில் உடைந்து சிதறாது, புற ஊதாக் கதிரையும் தானே தடுத்துவிடும். ஓடி விளையாடும் குழந்தைக்கும், ஒரு கண்ணில் மட்டுமே பார்வை உள்ளவருக்கும் அதைத் தவிர வேறெதையும் வாங்கக் கூடாது.

தூரம், இடைத்தூரம், கிட்டம் மூன்றையும் கோடு தெரியாமல் ஒரே லென்ஸில் தரும் புரோகிரெசிவ் வகையில், தெளிவான பகுதி மேலிருந்து கீழாகச் செல்லும் ஓர் ஒடுங்கிய பாதைபோல் அமைந்திருப்பதால், உயரம் குறைந்த பிரேமில் கீழ்ப்பகுதி வெட்டுப்பட்டுப் படிக்கும் இடமே இல்லாமல் போகும். பக்கவாட்டில் காட்சி நெளிவது இவ்வகையின் இயல்பு. பழகுவதற்கு ஓரிரு வாரம் ஆகும், அதுவரை மாடிப்படியில் இறங்கும்போது தலையைத் தாழ்த்திப் பார்ப்பது பாதுகாப்பு.

இன்று எல்லாக் கடையிலும் கூடுதல் விலைக்கு வற்புறுத்தப்படும், நீல ஒளியைத் தடுக்கும் 'புளூ கட்' பூச்சைப் பற்றி ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லலாம். மருத்துவச் சான்றுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 17 மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு, இந்த லென்ஸ்கள் கணினித் திரையால் வரும் கண்சோர்வைச் சாதாரண லென்ஸ்களைவிடக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே முடிவு கூறியது. திரையைப் பார்க்கையில் கண் சோர்வதற்குப் பெருங்காரணம் இமைப்பது குறைந்து கண் வறள்வதும், ஒரே தூரத்தில் பார்வை நிலைத்திருப்பதுமே. இருபது நிமிடத்துக்கு ஒரு முறை இருபது அடிக்கு அப்பால் இருபது நொடி பார்ப்பதும், நினைவாக இமைப்பதும் செலவில்லாத மருந்துகள். கூடுதல் பணம் கொடுப்பதானால், இரவில் எதிர்வரும் விளக்கொளி கண்ணாடியில் பட்டுத் தெறிப்பதைக் குறைக்கும் எதிரொளி தடுப்புப் பூச்சுக்குக் கொடுக்கலாம். வெயில் கண்ணாடியிலோ கறுப்பின் அடர்த்தி பாதுகாப்புக்கு அடையாளம் ஆகாது. புற ஊதாத் தடுப்பு இல்லாத கறுப்புக் கண்ணாடி கண்மணியை விரியச்செய்து கூடுதலான கதிரை உள்ளே விடுமாதலால், 400 நானோமீட்டர் வரை தடுப்பதைக் குறிக்கும் 'யு.வி. 400' உள்ளதா என்று கருவியில் வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும்.

வாங்கிய கண்ணாடியை வீட்டிலேயே ஓரளவு சோதிக்க முடியும். கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்து, ஒரு லென்ஸின் வழியே சன்னலின் செங்குத்துக் கம்பியைப் பார்த்துக்கொண்டு மெல்லப் பக்கவாட்டில் அசைத்தால், கழித்தல் பவரில் கம்பி லென்ஸ் நகரும் திசையிலேயே நகரும். கூட்டல் பவரில் எதிர்த்திசையில் ஓடும். லென்ஸுக்குள் தெரியும் கம்பியும் வெளியே தெரியும் கம்பியும் முறியாமல் ஒரே கோடாகச் சேரும் இடமே ஒளி மையம் உள்ள இடம். இரு லென்ஸ்களிலும் அந்த இடத்தை அழியும் மையால் புள்ளியிட்டு, அளவுகோலால் அளந்து, பி.டி.யோடு ஒப்பிட்டால் கடையின் வேலைத்தரம் தெரிந்துவிடும். பார்வைச் சிதறல் குறைவாக உள்ள ஒற்றைப் பவர் கண்ணாடிகளுக்கே இது பொருந்தும். மற்றவற்றைக் கடையில் உள்ள லென்ஸ்மீட்டர் கருவியில் வைத்து, சீட்டோடு ஒப்பிட்டுக் காட்டச் சொல்வது வாங்குபவரின் உரிமை. ஒளி மையங்களின் தூரத்துக்கும் பி.டி.க்கும் இடையே இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு கண்டால், அதுவும் பவர் அதிகமானால், தயங்காமல் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

கண்ணாடி அணியாதவர்களின் கண்ணுக்கும் காவல் தேவை. கதிரடிக்கும்போது நெல்லின் கூர் கருவிழியில் கீறிவிட, அந்தக் கீறலில் பூஞ்சை புகுந்து புண்ணாகிப் பார்வை போவது தமிழகத்து உழவர்களிடம் நெடுங்காலமாகக் காணப்படும் துயரம். சாதாரணப் பாதுகாப்புக் கண்ணாடி ஒன்று அதைப் பெரிதும் தடுக்கும். கண் சிவந்தால் தாய்ப்பால், விளக்கெண்ணெய், தழைச்சாறு ஆகியவற்றை விடுவதும், முன்பு யாருக்கோ எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்கி விடுவதும் கூடவே கூடாது. அத்தகைய சொட்டுகளில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், சிவப்பு உடனே மறைந்து நலமானதுபோல் தோன்றினாலும், தொடர்ந்து விடும்போது கண்ணழுத்தமும் கண்புரையும் ஓசையின்றி வளரும்.

நல்ல பரிசோதனைக்குத் தமிழகத்தில் இடப் பஞ்சம் இல்லை. சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819இல் தொடங்கப்பட்டது. மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இன்று உலகம் வந்து கற்கும் இடமாக உள்ளது. பள்ளி மாணவர்களின் கண்களைச் சோதித்து இலவசமாகக் கண்ணாடி வழங்கும் கண்ணொளி காப்போம் திட்டம் 2009இல் தொடங்கப்பட்டது. வழி இருந்தும் போகாமல் இருப்பதற்குக் காரணம், குறை இருப்பது தெரியாததே. ஆகவே இந்த வாரம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டிக்கு எதிரே, பத்தடி தள்ளி, ஒவ்வொரு குழந்தையையும் நிறுத்துங்கள். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்லித் தேதியையும் கிழமையையும் படிக்கச் சொல்லுங்கள். பிறகு மறு கண்ணை மூடிப் படிக்கச் சொல்லுங்கள். ஒரு கண்ணுக்குத் தெரிந்தது மற்றொன்றுக்குத் தெரியவில்லை என்றால், அடுத்த நாளே கண் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.